லேடெக்கில் தமிழ் உடையும்போது: அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிப்பது

தமிழில் ஒரு நூலையோ ஆய்வேட்டையோ, கட்டளைகள் எழுதிப் பக்கம் அமைக்கும் மென்பொருளான லேடெக்கில் அமைக்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் மாட்டிக்கொள்கிறார்கள். எழுத்தே வரவில்லை, அல்லது வந்தாலும் கொம்பு இடம் மாறி நிற்கிறது. உடனே எழுத்துருவை மாற்றுகிறார்கள். சரியாகவில்லை. இன்னொரு எழுத்துரு, இன்னொரு தொகுப்பு (பேக்கேஜ்), இணையத்தில் கிடைத்த நான்கு வரி என்று சேர்த்துக்கொண்டே போய், கடைசியில் எது எதைக் கெடுக்கிறது என்று தெரியாத ஒரு முகவுரை (கோப்பின் தொடக்கத்தில் அமைப்புக் கட்டளைகள் இருக்கும் பகுதி) மிஞ்சுகிறது.

கோளாறு இருக்கக்கூடிய இடங்கள் மூன்று: கோப்பில் உள்ள யூனிகோட் வரிசை, எழுத்துரு, அவை இரண்டையும் சேர்த்து எழுத்தாக்கும் பொறி. எந்த இடம் என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். கட்டளைப் பெயர்களைத் தமிழில் ஒலிபெயர்த்திருக்கிறேன். கோப்பில் வழக்கம்போல் ஆங்கில எழுத்தில், முன்னால் பின்சாய்கோட்டோடு இடுங்கள்.

முதலில் ஒரு சோதனை வரி

உங்கள் நூலைத் தொடாமல் தனியாக ஒரு சிறு கோப்பு உருவாக்கி, அதில் இந்த வரியை இடுங்கள்:

கெ கே கை கொ கோ கௌ டி டீ கு கூ நூ ஸ்ரீ க்ஷ 1947

அதன் கீழே, உங்கள் நூலில் உடைந்து தெரியும் ஒரு வரியை ஒட்டுங்கள். இந்த இரண்டு வரிகளையும் லிப்ரே ஆபிஸில் அதே எழுத்துருவில் போட்டுப் பாருங்கள். லிப்ரே ஆபிஸ் எழுத்தாக்கத்துக்கு ஹார்ஃப்பஸ் என்ற நிரலகத்தைப் பயன்படுத்துகிறது; லேடெக்கை ஓட்டும் பொறிகளில் ஒன்றான ஸீடெக்கும் 2013 முதல் அதையேதான் பயன்படுத்துகிறது. ஆகவே ஒப்பீடு நியாயமானது. அங்கே சரியாகத் தெரிந்து பிடிஎஃபில் மட்டும் உடைந்தால், கோளாறு உங்கள் டெக் (லேடெக்கின் அடிப்படை நிரல்) அமைப்பில். அங்கேயும் உடைந்தால் எழுத்துருவை மாற்றிப் பாருங்கள்: சரியானால் எழுத்துருவில், எதைப் போட்டாலும் சரியாகவில்லை என்றால் உரையில். சோதனை வரி நன்றாக வந்து உங்கள் வரி மட்டும் உடைந்தாலும் உரையில்தான் பிழை.

ஓட்டம் நின்றுவிடுகிறது: ‘யூனிகோட் கேரக்டர்… நாட் செட் அப் ஃபார் யூஸ் வித் லேடெக்’

நீங்கள் பிடிஎஃப்லேடெக்கை ஓட்டியிருக்கிறீர்கள். அது 8 பிட் காலத்துப் பொறி. அதன் ஓர் எழுத்துருவில் 256 இடங்கள்தான் உண்டு. தமிழின் ஒவ்வொரு குறியும் யூடிஎஃப்-8இல் 3 பைட். அந்த 3 பைட்டையும் சேர்த்து இது இன்ன எழுத்து என்று கண்டுபிடிக்கும் வரை வந்துவிடுகிறது. அதை எப்படி வரைவது என்பதுதான் அதற்குத் தெரியவில்லை. தொகுப்புகளைச் சேர்த்து இதைச் சரிக்கட்ட முயல வேண்டாம். பொறியை மாற்றுங்கள்.

மாற்று இரண்டு. ஜோனதன் க்யூ 2004இல் வெளியிட்ட ஸீடெக் ஒன்று; லேடெக் கோப்புக்கு அதன் கட்டளை ஸீலேடெக். யூனிகோடையும் கணினியில் நிறுவிய எழுத்துருக்களையும் நேரடியாக எடுத்துக்கொள்ளும். லுவாடெக் இன்னொன்று, டெக் மென்பொருள்களை ஆண்டுதோறும் சேர்த்து வெளியிடும் டெக் லைவ்வின் 2020 பதிப்பு முதல் லுவாலேடெக் கட்டளைக்குள் ஹார்ஃப்பஸும் சேர்ந்தே வருகிறது. இணையத்திலேயே லேடெக்கை ஓட்டும் ஓவர்லீஃப் தளத்தில், அமைப்புகளில் கம்பைலர் என்ற இடத்தில் மாற்றலாம். புதிதாகத் தொடங்கும் நூலுக்கு நான் லுவாலேடெக்கையே சொல்வேன். கொஞ்சம் மெதுவாக ஓடும், ஆனால் பின்னால் வரும் இரண்டு தலைவலிகளை அது தானே தீர்த்துவிடுகிறது. ஏற்கெனவே ஸீலேடெக்கில் பாதி முடிந்திருந்தால் மாற்ற வேண்டியதில்லை.

பொறியை மாற்றிய கையோடு பழைய முகவுரையில் உள்ள ‘இன்புட்என்க்’, ‘ஃபாண்ட்என்க்’ இரண்டையும் எடுத்துவிடுங்கள். முதலாவது இனித் தேவையில்லை. இரண்டாவது, டி1 விருப்பத்தோடு இருந்தால், உங்களைத் திரும்பவும் 256 இடங்களுக்குள் அடைத்துவிடும்.

பிழைச் செய்தி இல்லை, ஆனால் தமிழ் இருக்க வேண்டிய இடம் காலி

பொறி சரி, எழுத்துரு இல்லை. எதுவும் சொல்லாவிட்டால் லேட்டின் மாடர்ன் எழுத்துருவே வரும். அதில் தமிழ் கிடையாது. இல்லாத எழுத்தை டெக் விட்டுவிட்டுப் போய்விடும். ஓட்டத்தின் பதிவான லாக் கோப்பில் ‘மிஸ்ஸிங் கேரக்டர்’ என்று தேடினால் எந்த எழுத்து, எந்த எழுத்துருவில் இல்லை என்று வரிவரியாக இருக்கும்.

லாக் கோப்பை எல்லோரும் திறந்து பார்ப்பதில்லை. அதனால் ‘ட்ரேசிங்லாஸ்ட்கேர்ஸ்’ என்பதற்கு 3 என்ற மதிப்பை முகவுரையிலேயே கொடுத்துவிடுங்கள். டெக் லைவ் 2021இலிருந்து, அப்படிக் கொடுத்தால் ஓர் எழுத்து விடுபட்டாலும் பிழை என்று சொல்லி நிற்கும். தமிழ் நூல் அமைக்கும் ஒவ்வொருவரும் இதைப் போட வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன். முந்நூறு பக்கத்தில் ஓர் எழுத்து காணாமல் போனது அச்சாகி வந்த பிறகு தெரிவதைவிட இது எவ்வளவோ மேல்.

எழுத்துருவைக் கொடுக்க ‘ஃபாண்ட்ஸ்பெக்’ தொகுப்பை ஏற்றி, ‘செட்மெயின்ஃபாண்ட்’டில் நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற ஒன்றைச் சொல்லுங்கள். அப்படியும் சில இடங்களில் மட்டும் தமிழ் மறைகிறதா? அந்த இடங்களில் வேறு எழுத்துருக் குடும்பம் ஓடுகிறது. பீமரில் செய்யும் காட்சிப்பக்கங்களில் முழுத் தமிழும் மறைவது இதனால்தான். பீமர் இயல்பாகவே சான்ஸ் குடும்பத்தை எடுத்துக்கொள்ளும். ‘செட்சான்ஸ்ஃபாண்ட்’டுக்கும் தமிழ் எழுத்துரு கொடுங்கள். நிரல்துண்டுகளில் மறைந்தால் ‘செட்மோனோஃபாண்ட்’. கணிதச் சமன்பாட்டுக்குள் மறைந்தால் அந்தச் சொல்லை ‘டெக்ஸ்ட்’ கட்டளைக்குள் இடுங்கள்.

எழுத்துருவே கிடைக்கவில்லை என்கிறது

பெயரால் தேடாமல் கோப்பால் கொடுத்துவிடுங்கள். எழுத்துருக் கோப்பை நூல் இருக்கும் அடைவிலேயே வைத்து, பின்னொட்டோடு கோப்புப் பெயரையும் ‘பாத்’ விருப்பத்தில் அடைவையும் சொன்னால் விண்டோஸ், மேக், லினக்ஸ், ஓவர்லீஃப் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி ஓடும். நூலை இன்னொருவருக்கு அனுப்பும்போதும் எழுத்துரு கூடவே போகும். அதன் உரிமம் அனுமதிக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பெயரால்தான் வேண்டும் என்றால், லினக்ஸில் ‘எஃப்சி-லிஸ்ட்’ காட்டும் பெயரை அப்படியே எழுத வேண்டும். புதிதாக நிறுவிய எழுத்துரு லுவாலேடெக்குக்குத் தெரியவில்லை என்றால் ‘லுவாஓடிஎஃப்லோட்-டூல்’ நிரலை ‘அப்டேட்’ விருப்பத்தோடு ஓட்டுங்கள்.

தமிழுக்குப் பதில் வேறு ஏதோ எழுத்து

இதில் இரண்டு வகை. பார்த்தவுடனே பிரித்துவிடலாம்.

தலையில் சாய்கோடிட்ட லத்தீன் ஏ எழுத்தும், வட்டத்துக்குள் ஆர் போட்ட பதிவு வணிகக்குறியும் ஜோடியாகத் திரும்பத் திரும்ப வந்தால், உரை நல்ல யூடிஎஃப்-8 தான். அதை யாரோ மேற்கத்திய 8 பிட் குறியேற்றம் என்று நினைத்துத் திறந்திருக்கிறார்கள். அந்த நிலையில் கோப்பைச் சேமிக்காதீர்கள். மூடிவிட்டு, யூடிஎஃப்-8 என்று குறிப்பிட்டுத் திறங்கள்.

சாதாரண ஆங்கில எழுத்துகள் பொருளில்லாமல் கலந்து, நடுவே எக்கச்சக்கமாக அரைப்புள்ளிகள் தெரிந்தால், அது பாமினி வகை எழுத்துருவில் தட்டிய பழைய உரை. அதில் மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளி விசையில் இருக்கிறது. இலங்கையிலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் பல ஆண்டுகள் பாமினியே புழங்கியது. தமிழ்நாட்டில் டாம், டாப் குறியேற்றங்கள் 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தரமாக வந்தன. இவை தவிரத் தனியார் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் தனக்கென ஓர் ஏற்பாடு வைத்திருந்தன. எத்தனையோ மலர்களும் சிற்றிதழ்களும் இந்தக் கோப்புகளில்தான் இன்றும் கிடக்கின்றன. அவற்றை மீட்டு யூனிகோடாக்குவது செய்ய வேண்டிய வேலை. ஆனால் அந்தப் பழைய எழுத்துருவையே லேடெக்கில் ஏற்றி ஒப்பேற்றினால் வரிமுறிவு, தேடல், பொருளடைவு ஒன்றும் வேலை செய்யாது. குறியேற்றத்தின் பெயரைக் கண்டுபிடித்து, அதற்கான மாற்றியில் போட்டு, மாற்றிய உரையைப் படித்துப் பாருங்கள். மாற்றிகள் விட்டுச்செல்லும் பிழைகள் அடுத்தடுத்த பகுதிகளில் வரும்.

கொம்பு எழுத்துக்குப் பின்னால் நிற்கிறது

க-வுக்கு இடப்பக்கம் வர வேண்டிய ஒற்றைக்கொம்பு வலப்பக்கம் வந்து நிற்கிறது. கொ, கோ பிரிந்து கிடக்கிறது. டி, டீ எழுத்துகளில் விசிறி (மேல்விலங்கு) தனியே ஒட்டாமல் இருக்கிறது. யூனிகோடில் மெய்யை முதலிலும் உயிர்க்குறியை அடுத்தும் சேமிப்பதே முறை. கொம்பை இடப்பக்கம் கொண்டுபோவது எழுத்தாக்கப் பொறியின் வேலை. இது தமிழ் என்று பொறிக்குத் தெரியாவிட்டால் அது லத்தீன்போல நினைத்து வந்த வரிசையிலேயே அடுக்கிவிடும்.

ஃபாண்ட்ஸ்பெக்கில் எழுத்துருவுக்கு ‘ஸ்கிரிப்ட்’ விருப்பமாகத் தமிழ் என்று கொடுங்கள். ஸீலேடெக்கில் பெரும்பாலும் இந்த ஒன்றே போதும். லுவாலேடெக்கில் ‘ரெண்டரர்’ விருப்பத்துக்கு ஹார்ஃப்பஸ் என்றும் சேர்த்துக் கொடுங்கள். அதன் இயல்பான வழியை இந்திய எழுத்துகளுக்கு நம்ப வேண்டாம்.

பன்மொழி உரைக்கான பாலிகிளாசியா, பேபல் என்ற இரண்டு தொகுப்புகளில் பாலிகிளாசியா பயன்படுத்துகிறவர்கள் ‘நியூஃபாண்ட்ஃபேமிலி’ கொண்டு ‘தமிழ்ஃபாண்ட்’ என்ற பெயரில் ஓர் எழுத்துருவை, அதே ஸ்கிரிப்ட் விருப்பத்தோடு வரையறுக்க வேண்டும். பேபல் என்றால் ‘பேபல்ப்ரொவைட்’ மூலம் தமிழை இம்போர்ட் செய்து ‘பேபல்ஃபாண்ட்’டில் எழுத்துருவைச் சொல்லுங்கள், ஸ்கிரிப்டை அது தானே போட்டுக்கொள்ளும். இரண்டையும் ஒரே கோப்பில் ஏற்றாதீர்கள்.

புள்ளிகளால் ஆன வட்டம்

இந்த வட்டம் தெரிந்தால் சந்தோஷப்படுங்கள், பொறி வேலை செய்கிறது. ‘என்னிடம் ஓர் உயிர்க்குறி வந்திருக்கிறது, ஒட்டுவதற்கு மெய் இல்லை’ என்று அது முறையிடுகிறது. மெய் ஏன் இல்லை என்று தேடுவதுதான் நம் வேலை.

உரையிலேயே பிழை இருக்கலாம். பழைய குறியேற்றங்களில் கொம்பைக் கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே, மெய்க்கு முன்னால், சேமிப்பார்கள். சரியில்லாத மாற்றி அதை அப்படியே யூனிகோடுக்குக் கொண்டுவந்துவிடும். அப்போது கொம்பு முந்தைய சொல்லின் இடைவெளிக்குப் பின் அநாதையாக நிற்கும், அல்லது முந்தைய எழுத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும். புள்ளிக்குப் பின் துணைக்கால், நடுவே கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து ஆகியவையும் வட்டம் வரவைக்கும். விம் தொகுப்பியில் எழுத்தின் மேல் சுட்டியை வைத்து ஜி, ஏ என்று அடுத்தடுத்து அழுத்தினால் அங்கே இருக்கும் குறிகள் எல்லாம் எண்களோடு தெரியும்.

உரை சரியாக இருந்தும் வட்டம் வந்தால், எழுத்தின் நடுவில் ஒரு கட்டளை புகுந்திருக்கிறது. இதைப் புரிந்துகொள்வது முக்கியம். நமக்கு ‘கொ’ ஓர் எழுத்து. டெக்குக்கு அது க ஒன்று, ஒகரக்குறி ஒன்று என இரண்டு. அடைப்பு இல்லாமல் ஒரு கட்டளைக்குப் பின் ‘கொடி’ என்று எழுதினால், கட்டளை க-வை மட்டும் பிடித்துக்கொண்டு போய்விடும். மிச்சம் இருக்கும் குறிக்கு வட்டம் முளைக்கும். அத்தியாயத்தின் முதல் எழுத்தைப் பெரிதாக்கும் ‘லெட்ரின்’ கட்டளையில் இது அடிக்கடி நடக்கிறது. முழு உயிர்மெய்யையும் அடைப்புக்குள் இடுங்கள். உயிர்க்குறிக்கு மட்டும் நிறம் கொடுக்க முயன்றாலும் இதே கதைதான். குழந்தைகளுக்கான பாடநூலில் துணைக்காலைச் சிவப்பாகக் காட்ட ஆசைப்படுவது நியாயமே, ஆனால் நிறக் கட்டளை நடுவில் வந்தவுடன் எழுத்தாக்கம் இரண்டாக வெட்டுப்படுகிறது. அதற்கு எழுத்தைப் படமாக வரைந்து சேர்ப்பதே ஒழுங்கான வழி.

வட்டம் இல்லை, ஆனால் எழுத்து வேறு

‘கெளரவம்’ என்று கோப்பில் இருக்கும். ‘கௌரவம்’ என்று இருக்க வேண்டும். முதலாவதில் கொம்பை அடுத்து ளகரம் இருக்கிறது, இரண்டாவதில் ஔகாரக்குறி ஒன்றே இருக்கிறது. பல எழுத்துருக்களில் கண்ணால் வேறுபாடு தெரியாது. தேடும்போதும் அகரவரிசைப்படுத்தும்போதும் மாட்டும். ஒரேயடியாகத் தேடி மாற்றினால் தெளிவு, வெள்ளம், கெளுத்தி எல்லாம் கெட்டுவிடும். ளகரத்துக்குப் பின் உயிர்க்குறியோ புள்ளியோ இல்லாத இடங்களை மட்டும் வடிகட்டி, ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். ‘ஒளவை’யும் ‘ஔவை’யும் இதே வகை. ஒளிவருடி எடுத்த உரை என்றால் துணைக்காலும் ரகரமும் இடம் மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

ரிக்‌ஷா என்று பிரித்து வர வேண்டிய இடத்தில் கூட்டெழுத்தான ‘க்ஷ’ வந்தால், புள்ளிக்கும் ஷகரத்துக்கும் இடையே ‘ஸீரோ விட்த் நான்-ஜாய்னர்’ என்ற கண்ணுக்குத் தெரியாத குறியை இடுங்கள்.

தமிழ் நன்றாக இருக்கிறது, ஆண்டும் ஆங்கிலச் சொல்லும் காணவில்லை

தமிழ் எழுத்துருக்கள் சிலவற்றில், நோட்டோவின் பழைய பதிப்புகள் உட்பட, லத்தீன் எழுத்தும் 0 முதல் 9 வரையிலான இலக்கங்களும் கிடையாது. லிப்ரே ஆபிஸ் இல்லாததை வேறு எழுத்துருவிலிருந்து சத்தமில்லாமல் எடுத்துக்கொள்ளும், டெக் அப்படிச் செய்யாது. அதனால் சோதனை அங்கே தேறி இங்கே தோற்கும். எழுத்துருவின் புதிய பதிப்பு கிடைத்தால் அதை எடுப்பதே எளிது. இல்லையென்றால் லுவாலேடெக்கில் ‘ஃபால்பேக்’ பட்டியல் ஒன்றை வரையறுத்து எழுத்துருவோடு சேர்க்கலாம். ஸீலேடெக்கில் எழுத்துத் தொகுதிவாரியாக எழுத்துரு மாற்ற ‘யூகேர்கிளாசஸ்’ தொகுப்பு இருக்கிறது. லத்தீன் எழுத்துகள் தமிழ் பக்கத்தில் பெரிதாகத் தெரிந்தால் ‘ஸ்கேல்’ விருப்பத்தில் 0.9 போல ஒரு மதிப்பைக் கையாலேயே கொடுங்கள்.

தடித்த எழுத்தும் சாய்வெழுத்தும் வரவில்லை

கூகுள் ஃபாண்ட்ஸிலிருந்து இறக்கிய தொகுப்பில் மேலே கிடப்பது மாறுநிலை எழுத்துருவாக இருக்கலாம். தடிமன் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கும். ஸீலேடெக்கில் அது தகராறு செய்யும். அதே தொகுப்பில் ‘ஸ்டாடிக்’ என்ற அடைவு இருக்கும். அதிலிருந்து ரெகுலர், போல்ட் இரண்டையும் தனித்தனியாக எடுத்து, ‘போல்ட்ஃபாண்ட்’ விருப்பத்தில் இரண்டாவதைச் சொல்லுங்கள்.

சாய்வு பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் இல்லவே இல்லை. ‘ஆட்டோஃபேக்ஸ்லான்ட்’ கொடுத்து எழுத்தை வலிந்து சாய்க்கலாம், ஆனால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். தமிழ் எழுத்தின் வளைவுகள் சாய்த்தால் குலைகின்றன. ‘இட்டாலிக்ஃபாண்ட்’ என்ற இடத்தில் வேறொரு தமிழ் எழுத்துருவைக் கொடுத்துவிடுங்கள். அழுத்தம் தர வேண்டிய சொல் அழகாகவே வேறுபட்டுத் தெரியும்.

வரிகளுக்கு இடையே ஏற்றத்தாழ்வு, ஓரத்தைத் தாண்டும் சொற்கள்

லேடெக் 10 புள்ளி எழுத்துக்கு 12 புள்ளி வரியிடை வைக்கிறது. அது லத்தீனுக்கு வகுத்தது. தமிழில் மேலே சுழியும் கீழே கூ, நூ வால்களும் சேர்ந்து அதிக இடம் கேட்கின்றன. இரண்டு வரி உரசப்போகிறது என்று தெரிந்தால் டெக் அந்த இடத்தில் மட்டும் வரியிடையைக் கூட்டும். அதுதான் பக்கம் முழுக்க ஏற்றத்தாழ்வாகத் தெரிகிறது. வரியிடையை 14 அல்லது 15 புள்ளியாக்கிவிட்டால் உரசலும் போகும், பக்கமும் சீராகும்.

சொற்கள் ஓரத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டு நின்றால், தமிழுக்கான சொல்முறிவு விதிகள் ஏறவில்லை. ‘போய்க்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ போன்ற சொற்கள் நமக்குச் சாதாரணம். முறிக்காமல் வரியைச் சீராக்க முடியாது. விதிகள் டெக் லைவ்விலேயே இருக்கின்றன. பாலிகிளாசியாவிலோ பேபலிலோ தமிழை முதன்மை மொழியாக அறிவித்தால் அவை வேலை செய்யும். அப்படியும் ஓரிரு வரி அடம்பிடித்தால் ‘எமர்ஜென்சிஸ்ட்ரெச்’சுக்குக் கொஞ்சம் இடம் கொடுங்கள்.

பொருளடைவில் வரிசை தப்பு

‘அகம்’ முதலிலும் ‘அக்கா’ பின்னாலும் வருகிறதா? ‘மேக்இண்டெக்ஸ்’ யூனிகோட் எண் வரிசையில் அடுக்கியிருக்கிறது. அந்த வரிசையில் புள்ளி எல்லா மெய்களுக்கும் பின்னால் இருக்கிறது. தவிர, ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவில் ஜ, ந-வை அடுத்தே ன, ர-வை அடுத்தே ற என்று அமைந்திருக்கிறது. அகராதி வரிசை வேண்டுமென்றால் ‘அப்மெண்டெக்ஸ்’ நிரலுக்கு மாறி, அதன் பாணிக் கோப்பில் ‘ஐசியூ லொகேல்’ மதிப்பாகத் தமிழின் ஈரெழுத்துக் குறியீட்டைக் கொடுங்கள்.

பிடிஎஃபில் தேடினால் சொல் கிடைக்கவில்லை

பக்கத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது, நகலெடுத்து ஒட்டினால் கொம்பு முன்னால் வந்து விழுகிறது. பிடிஎஃபில் ‘கொ’ என்பது கொம்பு, க, கால் என்று வரையும் வரிசையில் பதிவாகியிருக்கிறது. லுவாலேடெக்கில் ஹார்ஃப்பஸ் வழி போனால் மூல உரையும் கூடவே பதிந்துவிடும். ஸீலேடெக்கில் நீங்கள் கேட்க வேண்டும்: ‘ஸீடெக்ஜெனரேட்ஆக்சுவல்டெக்ஸ்ட்’ என்பதற்கு 1 என்று முகவுரையில் கொடுங்கள். பார்வையற்றோரின் திரைவாசிப்பான்களும் இந்த மூல உரையைத்தான் நம்பியிருக்கின்றன. அச்சுக்கு மட்டும்தான் என்று இதை விட்டுவிடாதீர்கள்.

பிறகும் சில சொற்கள் மட்டும் அகப்படவில்லை என்றால் திரும்பவும் உரையைப் பாருங்கள். ஒகரக்குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். இரண்டும் ஒன்றே என்று யூனிகோட் சொல்கிறது, தேடும் மென்பொருள் எல்லாம் அப்படி நினைப்பதில்லை. கோப்பை என்எஃப்சி வடிவுக்கு, அதாவது ஒகரக்குறி ஒரே குறியாக இருக்கும் வடிவுக்கு, மாற்றிவிடுங்கள். ஸ்ரீயில் அதுவும் உதவாது. 2005இல் யூனிகோட் 4.1 ‘ஶ’ எழுத்தைச் சேர்த்தது முதல் ஸகரத்தில் தொடங்கும் ஸ்ரீ, ஶகரத்தில் தொடங்கும் ஶ்ரீ என்று இரண்டு வரிசைகள் புழங்குகின்றன; பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். உங்கள் நூலுக்கு ஒன்றைத் தீர்மானித்து மற்றதைத் தேடி மாற்றுங்கள்.

கடைசியாக ‘பிடிஎஃப்டுடெக்ஸ்ட்’ நிரலால் முடிந்த பிடிஎஃபிலிருந்து உரையை உருவி எடுத்து, கொ, கோ, கௌ, ஸ்ரீ வரும் சில சொற்களை அதில் தேடிப் பாருங்கள். கிடைத்தால் கோப்பை அச்சகத்துக்கு அனுப்பலாம்.